காரணம் சொல்லும் ஆளுநர்



கோயம்புத்தூரில் லாலி ரோடு என்றால் தெரியாதவர் இருக்க முடியாது. வேளாண் பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதி. அந்த லாலி யார் என்று கேட்டால், பழைய மெட்ராஸ் கவர்னர் என்று சொல்வார்கள். சரிதான். சர் ஆர்தர் லாலி 1906 முதல் 1911 வரை மெட்ராஸ் மாகாணத்தின் ஆளுநராக இருந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1901-ல், அவர் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநர். பெர்த் நகரத்திலும் மவுண்ட் லாலி என்று ஒரு பகுதி அவர் பெயரில் இருக்கிறது. அவர் ஒருவர் மட்டும் அப்படி வந்தவர் அல்லர். சர் வில்லியம் டெனிசன் முதலில் டாஸ்மேனியாவையும் பிறகு நியூ சவுத் வேல்ஸையும் ஆண்டுவிட்டு 1861-ல் மெட்ராஸுக்கு வந்தார். கார்மைக்கேல் பிரபு 1911-ல் விக்டோரியாவிலிருந்து மெட்ராஸுக்கு மாறினார். எதிர்த் திசையில் ஒரு பெயர் போயிருக்கிறது: டாஸ்மேனியாவின் தலைநகரம் ஹோபார்ட். அந்தப் பெயருக்குரிய ஹோபார்ட் பிரபு 1794 முதல் 1798 வரை இதே மெட்ராஸின் ஆளுநர்.

லண்டனில் ஒரு மேசை. அங்கிருந்து ஒரே வகை மனிதர்களை இங்கும் அனுப்பினார்கள், ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பினார்கள். பிறகு இரண்டு நாடுகளின் பாதையும் பிரிந்தது. இந்தியா குடியரசானது. ஆஸ்திரேலியாவின் ஆறு மாநிலங்களிலோ ஆளுநர் இன்றைக்கும் அரசரின் பிரதிநிதி. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் மறைந்தபோது, சார்லஸ் அரசரானதைக் கான்பெராவில் தலைமை ஆளுநர் பிரகடனம் செய்தார். அதோடு விடவில்லை. மாநிலங்களும் தனித்தனியே, தத்தம் ஆளுநரின் குரலில் பிரகடனம் செய்தன. இங்கிருந்து பார்ப்பவருக்கு இது விநோதமாகத் தோன்றும். தேர்தலில் நின்று வென்ற முதல்வர் இருக்கிறார், பேரவை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அதற்கு மேல் எங்கோ கடல் தாண்டி இருக்கும் அரசரின் பெயரால் ஒருவர் எதற்கு?

இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாகப் படித்து வந்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசரின் பெயரால் அதிகாரம் வைத்திருக்கும் ஆளுநருக்குச் சொந்தமாகத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி ஏறத்தாழ ஒன்றே ஒன்றுதான்: பேரவையின் நம்பிக்கை யாரிடம் இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது அவர் பேரவைக்கு முன்னால் ஓடக்கூடாது. விடை கண்டபின் அதற்கான காரணத்தை எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும். ஆஸ்திரேலிய மாநிலங்கள் இந்த இரண்டையும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டன.

முதலில் அன்றாட வேலையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பேரவை நிறைவேற்றும் மசோதாவுக்கு ஆளுநர் ஒப்புதல் தருகிறார். தேர்தலுக்கான ஆணை அவர் கையெழுத்தில் போகிறது. முதல்வரையும் அமைச்சர்களையும் பதவியில் அமர்த்துகிறார். அமைச்சர்களோடு நிர்வாக சபையில் அமர்ந்து, நியமனங்களுக்கும் விதிமுறைகளுக்கும் கையெழுத்திடுகிறார். இவை எல்லாவற்றிலும் அமைச்சரவை சொல்வதே நடக்கும். மசோதாவைக் கிடப்பில் போட்டு வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. ஆளுநர் ஊரில் இல்லாதபோது துணை ஆளுநர் பொறுப்பேற்பார். பல மாநிலங்களில் அது தலைமை நீதிபதி.

நம் நாட்டோடு ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். இங்கே மாநில ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர், அதாவது நடைமுறையில் ஒன்றிய அரசு. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு இதில் எந்த வேலையும் கிடையாது. மாநில முதல்வர் நேரே அரசருக்குப் பெயரைப் பரிந்துரைக்கிறார், அரசர் நியமிக்கிறார். மாநில ஆளுநர் தலைமை ஆளுநருக்குக் கீழே இருப்பவரும் அல்லர். ஒன்றிய அரசின் ஆள் என்ற சந்தேகமே எழாத ஏற்பாடு இது.

இதுவும் தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1986 மார்ச் வரைக்கும் மாநில ஆளுநர்களை அரசியார் நியமித்தது பிரிட்டிஷ் அமைச்சர்களின் ஆலோசனைப்படிதான். கூட்டாட்சி அமைந்து 85 ஆண்டுகள் ஆன பிறகும் அப்படி. இதன் விளைவைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். குயின்ஸ்லாந்தின் ஆளுநராக இருந்தவர் சர் காலின் ஹன்னா, விமானப்படையின் முன்னாள் தளபதி. 1975 அக்டோபரில் அவர் ஒரு பொது நிகழ்ச்சியில் பிரதமர் விட்லமின் மத்திய அரசை வெளிப்படையாகக் குறைகூறிப் பேசினார். தலைமை ஆளுநர் இல்லாத வேளையில் அந்தப் பொறுப்பை வகிக்க மாநில ஆளுநர்களுக்கு ஒரு முன் அனுமதி உண்டு. ஹன்னாவின் அனுமதியை விட்லம் ரத்து செய்ய வைத்தார். பிறகு மாநில முதல்வர் ஜோ பெல்கி பீட்டர்சன் ஹன்னாவுக்குப் பதவி நீட்டிப்புக் கேட்டார். லண்டன் மறுத்தது. ஹன்னா பேசியது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆளுநர் மேடையில் கட்சி அரசியல் பேசினால், நாளைக்கு நெருக்கடி வரும்போது அவர் முடிவை யார் நம்புவார்கள்? ஆனாலும் ஒரு மாநிலத்துக்கு ஆளுநர் யார் என்பதை இன்னொரு நாட்டின் அமைச்சர் தீர்மானித்தார் என்பது அதைவிடப் பெரிய தவறு. ஆறு மாநிலங்களும் கேட்டுக்கொள்ள, கான்பெராவும் லண்டனும் ஒத்த சட்டங்களை நிறைவேற்றி, 1986 மார்ச் 3 முதல் அது முடிவுக்கு வந்தது. ஆஸ்திரேலியா சட்டம் என்று அதற்குப் பெயர். அதன் ஏழாவது பிரிவுதான் இன்றைய மாநில ஆளுநர் பதவியின் அடித்தளம்.

இப்போது 1932-க்கு வருகிறேன். இந்தப் பதவியின் வரலாற்றில் அதைத் தாண்டி யாரும் போக முடியாது.

உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலம். நியூ சவுத் வேல்ஸில் ஜாக் லாங் முதல்வர். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை என்ற நிலை. பிரிட்டிஷ் கடன்காரர்களுக்கு வட்டி கட்டுவதா, பசித்த குடும்பங்களுக்குச் சோறு போடுவதா என்று லாங் கேட்டார். வட்டியைக் கட்டாமல் நிறுத்தினார். மத்திய அரசு அந்த வட்டியைக் கட்டிவிட்டு, அதை மாநிலத்தின் வருவாயிலிருந்து நேரடியாகப் பிடித்துக்கொள்ளச் சட்டம் இயற்றியது. சட்டம் செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அங்கே நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அதுதான் பெயர். லாங் அசையவில்லை. வங்கிகளில் இருந்த மாநிலப் பணத்தை ரொக்கமாக எடுத்து வைத்துக்கொண்டார். மத்தியக் கருவூலத்துக்குப் பணம் செலுத்த வேண்டாம் என்று அரசுத் துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்.

ஆளுநர் சர் பிலிப் கேம், விமானப்படையில் உயர் பதவி வகித்த ஆங்கிலேயர். அவர் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். லாங்கை விரட்டு என்று சிட்னியின் பணக்காரர்களும் எதிர்க்கட்சியினரும் மாதக்கணக்கில் அவரை நெருக்கினார்கள். பேரவையில் பெரும்பான்மை உள்ள முதல்வரை நான் எப்படி நீக்குவது என்று அவர் நின்றார். மேலவையில் புது உறுப்பினர்களை நியமித்துத் தரும்படி லாங் கேட்டபோது நெடுநாள் மறுத்தார். 1931 நவம்பரில் இருபத்தைந்து பேரை நியமித்தார். அதனால் இரு பக்கத்தாரும் அவரைத் திட்டினார்கள். 1932 மார்ச் 19-ல் சிட்னித் துறைமுகப் பாலம் திறக்கப்பட்டபோது, அரச குடும்பத்தாரையோ ஆளுநரையோ நாடாவை வெட்டச் சொல்லாமல் லாங் தானே வெட்டப் போனார். அதற்குள் டி குரூட் என்பவர் குதிரையில் வந்து வாளால் அந்த நாடாவை வெட்டிவிட்டார். லாங்கை வெறுத்த ஒரு வலதுசாரி அமைப்பைச் சேர்ந்தவர். மாநிலம் எந்த அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி.

மே மாதம் கேம் லாங்குக்கு எழுதினார். உங்கள் சுற்றறிக்கை சட்டத்துக்கு உட்பட்டது என்று காட்டுங்கள். இல்லையென்றால் திரும்பப் பெறுங்கள். முடியாது என்றார் லாங். அப்படியானால் பதவி விலகுங்கள் என்றார் கேம். விலக மாட்டேன் என்றார் லாங். மே 13, வெள்ளிக்கிழமை, ஆளுநர் முதல்வரைப் பதவிநீக்கம் செய்தார். எதிர்க்கட்சித் தலைவர் ஸ்டீவன்ஸ் முதல்வராக்கப்பட்டார். ஜூன் 11-ல் நடந்த தேர்தலில் லாங் படுதோல்வி அடைந்தார்.

கேம் நல்ல மனிதர். லாங் மீது அவருக்குத் தனிப்பட்ட வெறுப்பு இல்லை, மாறாகப் பிரியமே இருந்தது என்பதற்கு அவரது கடிதங்கள் சான்று. நெருக்கியவர்களுக்குப் பணிந்து அவர் இதைச் செய்யவில்லை. என்றாலும் அவர் செய்தது சரியல்ல என்பது என் துணிபு. ஓர் உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது. நீதிமன்றத்தின் கதவு மூடியிருக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்புதான் அது ஒரு தீர்ப்பே தந்திருந்தது. சுற்றறிக்கையையும் அதன் முன் கொண்டுபோயிருக்கலாம். பேரவையில் லாங்குக்குப் பெரும்பான்மை இருந்தது. இரண்டு வாசல்களும் திறந்திருக்கும்போது ஆளுநர் தானே நீதிபதியாகவும் பேரவையாகவும் ஆனார். பிறகு மக்கள் லாங்கைத் தோற்கடித்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. மக்கள் தீர்ப்பு லாங்கின் ஆட்சி மீது. ஆளுநரின் செயல் மீது அல்ல. பதவியிலிருந்து துரத்தப்பட்ட ஒருவர் தேர்தலைச் சந்திப்பதும், பதவியில் இருந்துகொண்டு சந்திப்பதும் ஒன்றாகாது.

இதை அன்றே தெளிவாகப் பார்த்தவர் எவட். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்துகொண்டே 1936-ல் அரசரையும் அவரது ஆளுநர்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்த அதிகாரங்களின் எல்லை யாருக்கும் தெரியவில்லை, எல்லையைச் சட்டமாக எழுதிவையுங்கள் என்பது அவர் வாதம். ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அந்த வாதம் பழையதாகவில்லை.

அதற்கு அடுத்த பாடம் 1987-ல், குயின்ஸ்லாந்தில். மேலே பேர் சொன்ன அதே ஜோ பெல்கி பீட்டர்சன். 1968 முதல் முதல்வர். காவல்துறை ஊழல் பற்றிய ஃபிட்ஸ்ஜெரால்டு விசாரணை அவரது அரசைச் சூழ்ந்துகொண்டிருந்தது. நவம்பரில் அவர் தன் அமைச்சர்கள் சிலரைக் களையெடுக்க முயன்றார். அமைச்சர்கள் விலக மறுத்தார்கள். முதல்வர் ஆளுநர் சர் வால்டர் கேம்பலிடம் போனார். அமைச்சரவை முழுவதையும் கலைத்துவிட்டுப் புதிதாக அமைக்கும் யோசனையும் அங்கே எழுந்தது. மாநிலத்தின் முன்னாள் தலைமை நீதிபதியான கேம்பல் அதற்கு இசையவில்லை. முடிவில் மூன்று அமைச்சர்கள் மட்டும் நீக்கப்பட்டார்கள். அந்த மூவரில் ஒருவரான மைக் அஹெர்னைக் கட்சி நவம்பர் 26-ல் புதிய தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டது.

இப்போது பாருங்கள் ஆளுநரின் இக்கட்டை. கட்சி கைவிட்ட முதல்வர் நாற்காலியை விடமாட்டேன் என்று அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேரவை கூடவில்லை. மேலவையோ குயின்ஸ்லாந்தில் 1922-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. பெரும்பான்மை யாரிடம் என்பது ஊருக்கே தெரியும். கேம்பல் என்ன செய்தார்? காத்திருந்தார். கட்சிக் கூட்டத்தின் வாக்கெடுப்பு வேறு, பேரவையின் வாக்கெடுப்பு வேறு என்ற வரம்பை அவர் தாண்டவில்லை. டிசம்பர் 1-ல் முதல்வர் தானாகவே விலகினார். அந்த ஐந்து நாட்கள் ஆளுநர் ஒன்றும் செய்யவில்லையே என்று அப்போது பலர் பொறுமையிழந்தார்கள். அந்தப் பொறுமைதான் மாநிலத்தை இன்னொரு 1932-லிருந்து காப்பாற்றியது என்பேன்.

இவையெல்லாம் முக்கியம்தான். ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி நடந்தது டாஸ்மேனியாவில், 2010-ல்.

அங்கே பேரவைத் தேர்தல் விகிதாசார முறையில் நடக்கும். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். அதனால் தொங்கு பேரவை அங்கே புதிதல்ல. 2010 மார்ச் 20 தேர்தலில் தொழிற்கட்சிக்கு 10, லிபரல் கட்சிக்கு 10, பசுமைக் கட்சிக்கு 5. மொத்தம் 25. முதல்வர் டேவிட் பார்ட்லெட் தேர்தலுக்கு முன் ஒரு வாக்குறுதி தந்திருந்தார்: இடங்கள் சமமானால், அதிக வாக்கு வாங்கிய கட்சிக்கு வழிவிடுவேன். லிபரல் கட்சிதான் அதிக வாக்கு வாங்கியது. பார்ட்லெட் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஆளுநர் பீட்டர் அண்டர்வுட்டிடம் போய், எதிர்க்கட்சித் தலைவர் வில் ஹாட்ஜ்மனை அழையுங்கள் என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் இதில் என்ன சிக்கல்? பதவியில் இருப்பவர் நாணயமாக விலகுகிறார். எதிரே இருப்பவர் ஏற்கத் தயார். ஆளுநர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாரும் பாராட்டுவார்கள். அண்டர்வுட் மறுத்துவிட்டார். பார்ட்லெட்டையே மீண்டும் பதவியில் அமர்த்தினார். ஏப்ரல் 9-ல் தன் முடிவுக்கான காரணங்களை எழுத்தில் வெளியிட்டார்.

அந்தக் காரணங்களை என் சொற்களில் சொல்கிறேன். மாநிலம் முழுவதும் எந்தக் கட்சிக்கு எத்தனை வாக்கு என்பது ஆளுநரின் கணக்கில் வராது. பேரவையில் யாரால் நிலைத்து நிற்க முடியும் என்பதே கணக்கு. பார்ட்லெட் ஆட்சியைக் கவிழ்க்க மாட்டோம், நிதி ஒதுக்கீட்டைத் தடுக்க மாட்டோம் என்று பசுமைக் கட்சி தெரிவித்திருந்தது. ஹாட்ஜ்மனுக்கு அப்படிப்பட்ட உறுதி எதுவும் யாரிடமிருந்தும் இல்லை. ஆகவே நிலைத்து நிற்க வாய்ப்புள்ளவர் பார்ட்லெட்தான். பேரவையைச் சந்தித்துத் தன் பலத்தைச் சோதிப்பது அவர் கடமை. முதல்வர் பதவி அவர் வாக்குறுதியாக எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் பொருள் அல்ல.

எவ்வளவு துணிவான முடிவு! கையெழுத்துப் போட்டுவிட்டு வாய்மூடி இருந்திருந்தால், ஆளுநர் ஒரு கட்சிக்குச் சாய்ந்துவிட்டார் என்று லிபரல் கட்சி ஆயுளுக்கும் சொல்லியிருக்கும். அவர் எழுதிக் கொடுத்தார். ஒத்துக்கொள்ளாதவரும் வரிக்கு வரி எடுத்து வாதாட இடம் வைத்தார். அண்டர்வுட்டும் முன்னாள் தலைமை நீதிபதி. தீர்ப்புக்குக் காரணம் எழுதிப் பழகிய கை. அந்தப் பழக்கத்தை அவர் ஆளுநர் மாளிகைக்குள் கொண்டுவந்தார். இந்தப் பதவிக்கு அதைவிடப் பெரிய கொடை எதுவும் இதுவரை வந்ததில்லை என்று நான் நம்புகிறேன்.

நீதிபதிகள் மட்டும்தான் ஆளுநராக வேண்டுமா என்று கேட்பீர்கள். இல்லை. பதவியின் இன்னொரு பக்கத்தை நான் குறைத்து மதிப்பவன் அல்லன். தெற்கு ஆஸ்திரேலியாவில் 1976 டிசம்பரில் ஆளுநரானவர் சர் டக்ளஸ் நிக்கல்ஸ். யோர்த்தா யோர்த்தா மண்ணின் மகன், கால்பந்து வீரர், பின்னர் போதகர். தம் மக்களின் உரிமைக்காக வாழ்நாள் முழுவதும் குரல்கொடுத்தவர். நாட்டின் முதல் பழங்குடி ஆளுநர். உடல்நலக் குறைவால் சில மாதங்களே பதவியில் இருந்தார். அதே மாநிலத்தில் 1991-ல் டேம் ரோமா மிட்செல் நாட்டின் முதல் பெண் ஆளுநரானார். 2014-ல் ஹியூ வான் லே ஆளுநரானார். அவர் 1977-ல் வியட்நாமிலிருந்து படகில் டார்வின் கரைக்கு வந்து சேர்ந்த அகதி. மண்ணைப் பறிகொடுத்த இனத்தின் மகனும், நாட்டைவிட்டு ஓடிவந்த அகதியும் அரசியாரின் பிரதிநிதியாக அமர்ந்து சட்டங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். அந்த மாநிலத்துக் குழந்தைகளுக்கு அது சொல்லிக்கொடுத்ததைப் பாடநூல் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. 1999-ல் குடியரசுக்கான வாக்கெடுப்பு ஆறு மாநிலங்களிலும் தோற்றது; ஆனாலும் அந்த மாளிகைகளுக்குள் யார் போகலாம் என்பது அதற்கு முன்பும் பின்பும் மாறிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

இனி அண்மைக்கு வருவோம். மீண்டும் டாஸ்மேனியா. 2025 ஜூன் 5-ல் முதல்வர் ஜெரமி ராக்லிஃப் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் 18-க்கு 17 என்று நிறைவேறியது; அவைத்தலைவரின் வாக்குதான் அதைத் தீர்மானித்தது. முந்தைய தேர்தல் முடிந்து பதினைந்து மாதம்கூட ஆகவில்லை. மக்கள் மறுபடி வாக்குச்சாவடிக்குப் போக விரும்பவில்லை. வேறு ஒருவர் ஆட்சி அமைக்க வழி இருக்கிறதா என்று ஆளுநர் பார்பரா பேக்கர் பார்த்தார். பசுமைக் கட்சியோடு சேர மாட்டோம் என்று தொழிற்கட்சி நின்றது. வழி இல்லை என்று கண்டபின்தான், ஜூன் 11-ல் பேரவையைக் கலைத்தார். ஜூலை 19 தேர்தலிலும் யாருக்கும் பெரும்பான்மை இல்லை: மொத்தம் 35-ல் லிபரல் 14, தொழிற்கட்சி 10. ஆகஸ்டில் ராக்லிஃபை மீண்டும் பதவியில் அமர்த்தி, பேரவையைச் சந்திக்கச் சொன்னார். அந்த மாதமே அவர் மீது வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் தோற்றது. காரணங்கள் எழுத்தில் வந்ததால், ஆளுநர் என்ன நினைத்தார் என்று ஊகிக்க வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. அண்டர்வுட் போட்ட பாதை இன்னும் புல் முளைக்காமல் இருக்கிறது.

ஓர் ஓட்டையை நான் மறைக்கக் கூடாது. 1986-க்குப் பின் ஆளுநரை நியமிக்கவும் நீக்கவும் அரசருக்கு ஆலோசனை சொல்பவர் முதல்வர். அப்படியானால், தன்னை நீக்கக்கூடிய ஆளுநரை முதல்வர் முந்திக்கொண்டு நீக்கச் சொல்லி எழுதினால்? லாங்குக்கு இந்த வழி இருக்கவில்லை. அன்று லண்டன் அமைச்சர்கள் நடுவில் நின்றார்கள். இன்றைய லாங் ஒருவர் அரண்மனைக்கு நேரே எழுதலாம். அரசர் அதற்கு உடனே பணிவாரா, தாமதிப்பாரா என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நல்லவேளையாக அந்தச் சோதனை இதுவரை வரவில்லை.

ஓட்டையை முழுதாக அடைக்க முடியாவிட்டாலும் ஆளுநரின் சொந்த முடிவுக்கு விடப்படும் இடத்தைச் சட்டத்தால் குறுக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் அதைச் செய்திருக்கிறது. அங்கே பேரவைக்கு நான்காண்டு நிலையான காலம். இடையில் கலைப்பதென்றால் நிபந்தனைகள் அரசியலமைப்பிலேயே இருக்கின்றன. நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினாலும் உடனே கலைக்க முடியாது. அடுத்த எட்டு நாட்களுக்குள் பேரவை யாருக்காவது நம்பிக்கை தெரிவிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எவட் கேட்டதில் ஒரு பங்கு இது. மீதி ஐந்து மாநிலங்களும் இந்த வழியில் எவ்வளவு தூரம் போகும் என்பதை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன். உங்கள் கேள்விகளுக்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. கேளுங்கள்.